கிலெயாத்தின் ஆறு மகன்கள், செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள்: மனாசே வம்ச அட்டவணை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

உடைந்த பானையின் துண்டு ஒன்று. அதன்மேல் கறுப்பு மையால் சில சொற்கள். தமிழில் பெயர்த்தால் இவ்வளவுதான் வரும்: “பதினைந்தாம் ஆண்டில், அபியேசரிலிருந்து, ஆசா அகிமெலேக்குக்கு. எல்மத்தானிலிருந்து பாகாலா.”

இது கடிதமும் அல்ல, கல்வெட்டும் அல்ல. சரக்கு வந்து இறங்கியபோது ஒரு கணக்கர் கையில் கிடைத்த ஓட்டில் குறித்துக்கொண்ட துண்டுச்சீட்டு. இதில் என்னை நிறுத்திய சொல் ‘அபியேசரிலிருந்து’ என்பது. பைபிளில் அபியேசர் ஒரு மனிதன். யோசேப்பின் மகன் மனாசே, மனாசேயின் மகன் மாகீர், மாகீரின் மகன் கிலெயாத், கிலெயாத்தின் மகன் அபியேசர். ஓடு எழுதப்பட்டதோ கி.மு. 8ஆம் நூற்றாண்டில். அட்டவணையை நம்பினால் அபியேசர் செத்து மண்ணாகிப் பல நூறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கணக்கரோ அந்தப் பெயரை ஊர்ப்பெயர் எழுதுவதுபோலச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார்.

ஏறக்குறைய அப்படித்தான். பல ஊர்களைச் சேர்த்து அழைத்த வட்டாரம் ஒன்றின் பெயர் அது. சரி, அபியேசர் வட்டாரம் என்றால் அவனுடைய சகோதரர்கள்? சகோதரனின் பேத்திகள்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போகிறது.

பட்டியல்

எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் இஸ்ரவேலரின் இரண்டாவது தலைக்கணக்கு. முதல் அதிகாரத்திலிருந்து வாசித்து வருகிறவர்கள் இங்கே வந்ததும் வேகம் கூட்டிவிடுவார்கள். அதில் 29 முதல் 34 வரையுள்ள வசனங்கள் மனாசே கோத்திரத்துக்கு உரியவை. கிலெயாத்துக்கு ஆறு பிள்ளைகள்: ஈயேசேர், ஏலேக், அஸ்ரியேல், சேகேம், செமீதா, எப்பேர். ஈயேசேர் என்பது அபியேசரின் குறுகிய வடிவம். யோசுவா 17ஆம் அதிகாரத்தில் முழுப்பெயரே இருக்கிறது. எப்பேருக்குச் செலொப்பியாத் என்று ஒரு மகன். அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்.

மற்றக் கோத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மகன், பேரன் என்று பட்டியல் சட்டென்று முடிந்துவிடுகிறது. மனாசேயில்தான் அது கொள்ளுப்பேத்திகளையும் தாண்டி இறங்குகிறது. அடுத்த அதிகாரத்திலேயே அந்த ஐந்து பெண்களும் மோசேயின் முன்னால் வந்து நின்று, அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பேர் அழிந்துபோக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் அப்பா கோராகின் கூட்டத்தோடு சேர்ந்து கலகம் பண்ணியவர் அல்ல என்று சொல்லி வைக்கிறார்கள். வழக்கு தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சு. தீர்ப்பு அவர்கள் பக்கம் வருகிறது. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு, மகளும் இல்லாவிட்டால் சகோதரருக்கு, அப்புறம் தகப்பனின் சகோதரருக்கு, அதற்கும் பிறகு நெருங்கிய உறவுக்கு.

36ஆம் அதிகாரத்தில் கிலெயாத் வம்சத்துப் பெரியவர்கள் ஓர் ஆட்சேபம் கொண்டுவருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் கூடவே போய்விடுமே! சரி, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளட்டும் என்று திருத்தம் வருகிறது. ஐந்து பேரும் தகப்பனின் சகோதரர் மகன்களைக் கட்டிக்கொள்கிறார்கள். சித்தப்பா, பெரியப்பா மகனை அண்ணன் தம்பி என்றே பழகிய தமிழ் வாசகருக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும். அங்கே சொத்து வெளியே போகாமலிருக்க அதுதான் வழி.

யோசுவா 17இல் கணக்கு முடிகிறது. யோர்தானுக்கு மேற்கே மனாசேக்குக் கிடைத்தது பத்துப் பங்கு. ஆறு சகோதரரில் எப்பேரை எடுத்துவிட்டு ஐந்து. எப்பேரின் இடத்தில் பேத்திகள் ஐந்து. மொத்தம் பத்து.

ஓடுகள்

சமாரியா வட இஸ்ரவேலின் தலைநகர். உம்ரி ராஜா சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கிய மலையில் கட்டியது. இன்று அங்கே சபஸ்தியா என்ற பாலஸ்தீன கிராமம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908 முதல் 1910 வரை அங்கே தோண்டியது. 1910இல் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையில் வேலை நடந்தபோது, அரண்மனையை அடுத்த ஒரு கட்டடத்தின் தரை நிரவலில் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. அன்று அது ஆட்டோமன் ஆட்சிப் பகுதி. அதனால் ஓடுகள் இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போயின.

எழுதியிருப்பது பழைய எபிரேய எழுத்தில். ராஜாவின் பெயர் எதிலும் இல்லை. ஆட்சியாண்டு மட்டும் இருக்கிறது: 9, 10, 15, 17. இரண்டாம் யெரொபெயாம் காலம் என்பது பலரின் கணிப்பு; அவனுடைய அப்பா யோவாசின் காலத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. 9, 10ஆம் ஆண்டு ஓடுகளில் ஊர்ப்பெயரோடு ‘பழைய திராட்சரசம் ஒரு ஜாடி’, ‘கழுவிய எண்ணெய் ஒரு ஜாடி’ என்று சரக்கும் எழுதியிருக்கும். திராட்சரசத்துக்கு இவர்கள் எழுதும் சொல்லில், தெற்கே யூதாவில் எழுதுவதைவிட ஓர் எழுத்து குறைவு. வடக்கத்திப் பேச்சுவழக்கு அந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

15ஆம் ஆண்டு ஓடுகளில் பாணி மாறுகிறது. சரக்கைப் பெரும்பாலும் எழுதவில்லை. வட்டாரத்தின் பெயர், யாருக்கு என்ற பெயர், அப்புறம் இன்ன ஊரிலிருந்து இன்னான். அந்த வட்டாரப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சேகேம், செமீதா என்று போகிறது. ஐந்து சகோதரர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். அதிகம் வருவது செமீதா. அதோடு நோவாள், ஒக்லாள்.

யோசுவாவின் பத்துப் பங்கில் ஏழு, அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. இரண்டு பெண்கள் உட்பட.

எல்மத்தான் இன்றைய அம்மாத்தீன், செமீதாவில் வரும் செப்பேர் இன்றைய சஃபாரீன், ஒக்லாளில் வரும் யாசித் இன்றைய யாசீத் என்று பல ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். எல்லாம் சபஸ்தியாவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள். இவற்றை வைத்து வரைந்தால் அபியேசர் தலைநகருக்குத் தென்மேற்கிலும், செமீதா மேற்கிலும், நோவாளும் ஒக்லாளும் வடகிழக்குப் பக்கத்திலும் விழுகின்றன. குடும்பப் படம் என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் நிலப்படம்.

அபியேசரில் திராட்சை என்பது பைபிளிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. நியாயாதிபதி கிதியோன் அபியேஸ்ரியன், அதாவது அபியேசர் வழியில் வந்தவன். மீதியானியருக்குத் தெரியாமல் ஆலையிலே கோதுமையைப் போரடித்தான் என்று நியாயாதிபதிகள் 6இல் வருகிறதே, அந்த ஆலை திராட்சை மிதிக்கிற தொட்டி. பிறகு எப்பிராயீமியர் சண்டைக்கு வரும்போது, அபியேசரின் முழு அறுவடையைவிட உங்கள் வயலில் மிச்சம் பொறுக்கிய திராட்சைப்பழங்களே மேல் என்று சொல்லித்தான் அவர்களைத் தணிக்கிறான். பழமொழி மாதிரி வரும் அந்தப் பேச்சில் அபியேசர் ஆள் அல்ல, தோட்டம்.

மகள்கள் என்ற சொல்

தமிழ் வாசகருக்கு இந்த நிலப்படம் தெரியாமல் போனதில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. குறை சொல்லவில்லை; அது நல்ல தமிழ். எபிரேயத்தில் இந்தப் பெண்களின் பெயர்களுக்கு ‘ஆள்’ என்ற முடிவு கிடையாது. தமிழில் பெண்ணாக ஒலிக்க வேண்டும் என்று நோவாள், ஒக்லாள், திர்சாள் ஆக்கினார்கள். அதே பெயர் ஊராக வரும்போது ‘திர்சா’ என்று விட்டுவிட்டார்கள். சேகேமும் அப்படித்தான். ஆள் என்றால் சேகேம், நகரம் என்றால் சீகேம். எபிரேயத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றுதான். பிற்காலத்தில் உயிர்க்குறி இட்டவர்கள் ஆளுக்கு ஒன்றும் ஊருக்கு ஒன்றுமாக இட்டார்கள், தமிழ் அதை உண்மையாகப் பின்பற்றியது. ஓட்டில் எழுதிய கணக்கருக்கு உயிர்க்குறி என்ற சமாசாரமே இல்லை.

திர்சா சாதாரண ஊர் அல்ல. உம்ரி சமாரியாவைக் கட்டுவதற்கு முன் தலைநகர் அதுதான்; அவனே ஆறு வருஷம் அங்கிருந்து ஆண்டான். வடக்குத் தெல் எல் ஃபாராவைத்தான் திர்சா என்று பொதுவாக ஏற்கிறார்கள். 1946 தொடங்கி ரோலண்ட் டி வோ அங்கே பல பருவங்கள் தோண்டினார். இன்னும் பின்னால் போனால், யோசுவா 12இல் தோற்கடிக்கப்பட்ட கானானிய ராஜாக்களின் பட்டியலில் எப்பேரின் ராஜாவும் இருக்கிறான், திர்சாவின் ராஜாவும் இருக்கிறான். சாலொமோனின் மாகாணங்களில் ஒன்றில் எப்பேர் தேசம் என்று ஒரு பகுதி வருகிறது. அதாவது எண்ணாகமத்தில் தாத்தாவும் பேத்தியுமாக இருப்பவர்கள், யோசுவாவில் இரண்டு கானானிய நகர ராஜ்ஜியங்கள்.

இங்கேதான் எபிரேயச் சொல்வழக்கு கைகொடுக்கிறது. ஒரு பெரிய ஊரைச் சார்ந்த சிற்றூர்களை எபிரேயர் அந்த ஊரின் ‘மகள்கள்’ என்பார்கள். எண்ணாகமம் 32இன் கடைசி வசனத்தில் நோபாக் என்பவன் கேனாத்தையும் அதின் கிராமங்களையும் பிடித்துத் தன் பெயரை வைக்கிறான். தமிழில் ‘கிராமங்கள்’ என்று இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ‘மகள்கள்’. அதேபோல ஊரை நிறுவினவனை அல்லது தலைக்கட்டை ஊரின் ‘தகப்பன்’ என்பார்கள். 1 நாளாகமம் 2இல் இது வரும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பெத்லெகேமின் மூப்பனான சல்மா’ என்று போட்டார்கள். ஊருக்கு ஒருவன் எப்படி அப்பாவாக முடியும் என்று யோசித்து ‘மூப்பன்’ என்ற சொல்லை எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்கள்மேல் மரியாதை.

இந்த வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எப்பேரின் வழியில் மட்டும் மகன்கள் இல்லாமல் மகள்களாக வருவது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. எப்பேர் பகுதி நெடுநாள் கானானிய நகரங்களாக இருந்து பிறகு மனாசேயோடு சேர்ந்தது. சேர்ந்தவர்களுக்குக் குடும்பத்தில் ஓர் இடம் வேண்டும். ஆண்வழி வாரிசாக வைக்க முடியவில்லை, மகள்களாக வைத்தார்கள். ஆய்வாளர்களில் கணிசமானோர் இதை ஒட்டியே பேசுகிறார்கள். நானும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன்.

முழுக்க ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் எண்ணாகமம் 27. ஐந்து வட்டாரங்களுக்கு இடம் காட்ட மட்டும் எழுதிய கதை என்றால், மகன் இல்லை, மகளும் இல்லை, சகோதரனும் இல்லை என்று வாரிசுரிமையை அத்தனை படியாக இறக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. 36ஆம் அதிகாரத்தின் ஆட்சேபமும் நிஜமான குடும்பச் சண்டையின் வாடை அடிக்கிறது. பெண்ணுக்கு நிலம் உண்டா என்பது உண்மையிலேயே யாரோ எழுப்பிய கேள்வியாகத்தான் இருக்கும். அதற்குத் தீர்ப்பு சொல்ல, எல்லாருக்கும் தெரிந்த ஐந்து பெயர்கள் வாதிகளாக நிறுத்தப்பட்டன என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிற்கிறது.

உறவு மாறும் பெயர்கள்

குடும்பமே நிலம் என்றால், நிலத்தின் நிலைமை மாறும்போது உறவுமுறையும் மாற வேண்டும். மாறித்தான் இருக்கிறது. 1 நாளாகமம் 7:14 முதல் 19 வரை இதே பெயர்கள் மறுபடி வருகின்றன. எண்ணாகமத்தில் கிலெயாத்தின் மகனான அஸ்ரியேல் இங்கே நேரடியாக மனாசேயின் மகன். அபியேசர் கிலெயாத்தின் மகன் அல்ல. அம்மொளெகேத் என்ற சகோதரி பெற்ற பிள்ளை, மருமகன் முறை. மக்லாள் அபியேசரோடு பிறந்ததாக வருகிறது. சேகேம் செமீதாவின் மகனாக இறங்கிவிட்டான். மாகீரைப் பெற்றவள் ஓர் அராமிய மறுமனையாட்டி. இந்த வசனங்களின் எபிரேயப் பாடம் சிதைந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாகீரின் மனைவி மாக்காள் ஒரு வசனத்தில் சகோதரி போலவும் அடுத்த வசனத்தில் மனைவியாகவும் வருகிறாள். ஆனால் எல்லா மாற்றத்தையும் எழுத்தர் பிழை என்று தள்ளிவிட முடியாது.

நைஜீரியாவின் டிவ் மக்களிடையே இதற்கு ஒரு பேர்போன உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரிகள் வழக்குகளுக்கு உதவும் என்று அவர்களுடைய வம்சாவளியை எழுதி வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தால், பதிவில் இருப்பது தப்பு என்று டிவ் மக்களே வாதாடினார்கள். இடைப்பட்ட காலத்தில் யார் யாரோடு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள் என்பதற்கேற்ப வாய்மொழி வம்சாவளி நகர்ந்துவிட்டது. தாளில் இருந்தது நகரவில்லை.

மாகீரின் கதை இதற்குப் பொருந்தும். நியாயாதிபதிகள் 5, தெபொராளின் பாட்டு, பைபிளில் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று. போருக்கு வந்த கோத்திரங்களைப் பாராட்டும் இடத்தில் எப்பிராயீம், பென்யமீனோடு மாகீர் வருகிறது. மனாசே என்ற பெயரே இல்லை. யோர்தானுக்கு அக்கரையில் இருந்துவிட்டது என்று குறை சொல்லப்படும் கிலெயாத் தனிக் கோத்திரமாக நிற்கிறது. பிந்தைய அட்டவணையிலோ மாகீர் மனாசேக்கு மகன், கிலெயாத்துக்கு அப்பா. மேற்கே தனியாக நின்ற ஒரு கூட்டம் கிழக்கே நகர்ந்தபோது பழைய பெயர் கீழே போய்ப் புதிய பெயர் மேலே வந்தது என்று இதை வாசிப்பவர்கள் அதிகம். அதற்கப்புறம் மேற்கு வட்டாரங்கள் ஆறும் கிழக்குத் தேசமான கிலெயாத்துக்குப் பிள்ளைகளாக எழுதப்பட்டதை மட்டும் என்னால் எளிதாக விளக்க முடியவில்லை.

யாவீர் இன்னொருவன். எண்ணாகமம் 32இல் மனாசேயின் மகன்; கிராமங்களைப் பிடித்துத் தன் பேரை வைக்கிறான். 1 நாளாகமம் 2இல் தகப்பன் வழியில் யூதா கோத்திரத்தான். யூதாவின் எஸ்ரோன் மாகீரின் மகளைக் கட்டி, அவளுக்குச் செகூப் பிறந்து, செகூபுக்கு யாவீர் பிறக்கிறான், ஊர்கள் 23. நியாயாதிபதிகள் 10இல் அதே பெயரில் ஒரு கிலெயாத்தியன் நியாயாதிபதி, 30 கழுதைகளில் ஏறும் 30 மகன்கள், 30 ஊர்கள். ஆள் ஒருவனா மூவரா என்பதைவிட, கிலெயாத்தில் யாவீர் ஊர்கள் என்று ஒரு கொத்து இருந்தது, அதை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கோத்திரம் உரிமை கொண்டாடியது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேதானை விட்டுவிட மனமில்லை. 1 சாமுவேல் 12:11இல் சாமுவேல் தேசத்தை மீட்டவர்களின் பெயர்களை அடுக்கும்போது எருபாகாலுக்கும் (கிதியோனின் இன்னொரு பெயர்) யெப்தாவுக்கும் நடுவே பேதான் என்கிறார். நியாயாதிபதிகள் புத்தகத்தில் அப்படி ஒருவனும் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு பாராக் என்று மாற்றிக்கொண்டது. யூத ரபிகள் சிம்சோன் என்றார்கள். ஆனால் மனாசேயின் அந்தச் சிதைந்த அட்டவணையில், மாகீர் வழியில், ஊலாமின் மகன் பேதான் என்று ஒருவன் இருக்கிறான். கதை தொலைந்து பெயர் மட்டும் தங்கிய ஒரு தலைவன் என்றே தோன்றுகிறது.

பதவியில் இருந்தவர்கள்

தலைவர்கள் என்று பைபிளே பட்டம் கொடுத்து எழுதிய மனாசேக்காரர்களில் இருவரைப் பார்க்கலாம். முதல் தலைக்கணக்கின்போது கோத்திரப் பிரபு பெதாசூரின் மகன் கமாலியேல். அப்போது மனாசேயின் எண்ணிக்கை 32,200, எல்லாக் கோத்திரத்திலும் குறைவு. இரண்டாம் கணக்கில் 52,700, எல்லாவற்றிலும் அதிக ஏற்றம். பலிபீடப் பிரதிஷ்டைக்குக் கமாலியேல் எட்டாம் நாளில் காணிக்கை கொண்டுவருகிறான். 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் கரண்டி. மற்றப் பதினோரு பிரபுக்களும் கொண்டுவந்தது இதேதான், ஒரு சேக்கல் கூடக் குறைய இல்லை. இன்னொருவன் எபோதின் மகன் அன்னியேல். நிலத்தைப் பங்கிட நியமிக்கப்பட்டவன், எண்ணாகமம் 34இல் ஒரே ஒரு வசனம். இவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அட்டவணை சொல்லவில்லை. எந்த ஊருக்கும் இவர்கள் பெயர் இல்லை, எந்த ஓட்டிலும் இல்லை. பங்கு போட்டவன் பெயர் ஒரு வசனத்தோடு நின்றுவிட, பங்கின் பெயர் அரண்மனைக் கிடங்குவரை போனது.

அதுவும் நெடுநாள் அல்ல. கி.மு. 722 முதல் 720க்குள் அசீரியர் சமாரியாவைப் பிடித்தார்கள். வடநாடு அவர்களுடைய மாகாணமாகிவிட்டது. நோவாள், ஒக்லாள், செமீதா வட்டாரங்களின் பெயர்கள் எருசலேமில் இருந்த எழுத்தர்களின் சுருள்களில் மட்டும் மிஞ்சின. அவர்களுக்கு அந்த நிலம் கைவிட்டுப் போன சகோதரன் வீட்டு நிலம். குடும்பக் கதையாக எழுதி வைத்தார்கள்.

ஓட்டில் இருந்த ஆசா அகிமெலேக் யார் என்பதில் இன்றும் சண்டை தீரவில்லை. அவன் பெயருக்கு முன் வரும் ஒற்றை எபிரேய எழுத்தை ‘அவனுக்கு’ என்றும் வாசிக்கலாம், ‘அவனுடையது’ என்றும் வாசிக்கலாம். அரண்மனையில் தங்கிச் சொந்த நிலத்து விளைச்சலை வரவழைத்துக்கொண்ட பெருந்தனக்காரன் என்கிறார்கள் ஒரு சாரார். வரி செலுத்திய நிலக்காரன் என்கிறார்கள் மற்றவர்கள். வரி வாங்கிய அதிகாரி என்பாரும் உண்டு. எல்மத்தானின் பாகாலாவைப் பற்றி அந்தச் சண்டைகூட இல்லை. மனாசேயின் எந்த அட்டவணையிலும் அவன் பெயர் வரவில்லை. அபியேசர் மலையிலிருந்து அவன் அனுப்பிய ஜாடியில் இருந்தது திராட்சரசமா எண்ணெயா என்பதை எழுதக் கணக்கருக்கு அன்று அவசியம் தோன்றவில்லை.